மண்ணை விட்டெழுந்த ஏரியல்

என்னுடைய சிறுபராயத்திலே எங்கள் வீட்டுக் கூரை முகட்டிலிருந்து முற்றத்துப் பனைமரம் வரை ஒரு செப்புக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதன் இரு தலைப்புகளிலும் முட்டை வடிவான வெள்ளைப் பீங்கான் குமிழ்கள் இருந்தன. அக்கம்பியினின்றும் பிரிந்த ஒரு கிளை யன்னல் வழியாக இறங்கி வானொலிப் பெட்டியின் பின்புறத்தைச் சென்றடையும். இதனையே நாம் ஏரியல் என்று அழைத்தோம். ஆனால் பெட்டியின் பின்புறத்திலே கம்பி செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று ஏரியலுக்கு உரியது. மற்றையது 'ஏர்த்' எனப்பட்ட நிலக்கம்பிக்கு உரியது. அந்த நிலக்கம்பி கிணற்றடி வாழையின் அருகே புதைக்கப்பட்ட ஓர் இரும்புக் குழாயிலே சென்று முடிந்தது. கோடையிலே நிலம் வறண்டு, பாட்டும் பேச்சும் மங்கி இரைச்சல் மிகும்பொழுது, "போய் வாழையடிக்கு ஒரு வாளி தண்ணீர் வார்த்துவிட்டு வா" என்று என் தந்தையார் ஏவுவார். வாழைக்கு வார்த்த நீரினால் வானொலி தெளிவடைகின்ற விந்தை எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

பின்னாளிலே நூல்களைப் பயின்றபோதுதான் அதன் உண்மை புலனாயிற்று. உயரத்தே கட்டப்படும் கம்பி ஏரியலின் ஒரு பாதியே ஆகும். அதன் மறு பாதி மண்ணுக்குள்ளே இருக்கிறது. ஒரு பாதியிலே மின்னோட்டம் ஏறுமானால் மறு பாதியிலே அது இறங்கவேண்டும். இரண்டும் சேர்ந்தாலன்றி அலையைப் பிடிக்கவும் இயலாது. அலையை வீசவும் இயலாது. அவ்வாறாயின், மண்ணோடு யாதொரு தொடர்பும் இன்றி ஆகாயத்திலே பறந்து செல்லும் விமானம் தன் ஏரியலுக்கு வேண்டிய மறு பாதியை எங்கே தேடிக்கொண்டது? அதிலும், உலோகத் தகடே இன்றிக் கண்ணாடி நார்த் துணியாலும் பிசினாலும் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையிலே செய்து முடிக்கும் சிறு விமானம் என்ன செய்தது? இந்த வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

இவ்வரலாற்றை இரண்டு அறிஞர்களிடமிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். ஜேர்மனி நாட்டின் கார்ல்ஸ்ரூ நகரிலே 1886 ஆம் ஆண்டு தொடக்கம் 1888 ஆம் ஆண்டு வரை ஆராய்ச்சி நடத்திய ஹேர்ட்ஸ் என்பார், மின்காந்த அலைகள் உண்மையாகவே உள்ளன என்று உலகுக்கு நிலைநாட்டினார். அவர் கையாண்ட ஏரியல் இரண்டு கைகளை உடையது. நடுவிலே சிறிய இடைவெளி. அதன் இரு புறமும் ஒரே அளவான இரண்டு கம்பிகள் நீண்டு நின்றன. ஒரு கைக்கு மறு கையே துணை. ஆதலால் அதற்கு மண்ணின் உதவி வேண்டியதில்லை.

ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1895 ஆம் ஆண்டிலே, இத்தாலிய இளைஞராகிய மார்க்கோனி வேறொரு வழியைக் கண்டார். அவர் ஒரு கையை உயர நிறுத்தி, மறு கையை மண்ணுக்குள்ளே புதைத்துவிட்டார். பூமியே அவருடைய ஏரியலின் மறு பாதியாயிற்று. அலைகள் முன்னிலும் நெடுந்தூரம் சென்றன. 1901 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து செய்தி அனுப்பும் முயற்சியிலே, நியூபவுண்ட்லாந்திலே பட்டத்தின் துணையால் தூக்கி நிறுத்திய கம்பியைக் கொண்டு அவர் செவிமடுத்தமை பலரும் அறிந்த செய்தி. எங்கள் வீட்டு வாழையடிக் குழாயும் மார்க்கோனியின் வழியிலே வந்ததுதான். ஹேர்ட்ஸ் காட்டிய இரு கை வழி, மார்க்கோனி காட்டிய ஒரு கையும் மண்ணும் சேர்ந்த வழி என்னும் இவ்விரண்டையும் நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். விமான ஏரியலின் வரலாறு முழுவதும் இவ்விரு வழிகளுக்கு இடையிலேயே நடந்து வந்திருக்கின்றது.

விமானத்திலிருந்து தரைக்கு முதன்முதலாக வானொலிச் செய்தி அனுப்பியவர் கனடா நாட்டினராகிய மக்கர்டி என்பவர். 1910 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆம் திகதி, நியூயோர்க் நகரின் ஷீப்ஸ்ஹெட் பே என்னும் இடத்திலே, கர்ட்டிஸ் விமானமொன்றிலே பறந்தவாறு அவர் தந்தி விசையை அழுத்தினார். கீழே இருந்தவர்கள் செய்தியைப் பெற்றனர். அக்காலத்து அலைகள் மிகவும் நீண்டவை. நீண்ட அலைக்கு நீண்ட கம்பி வேண்டும். விமானமோ சிறியது. ஆகவே விமானிகள் கம்பியை ஓர் உருளையிலே சுற்றி வைத்து, மேலே எழுந்தபின் அவிழ்த்துவிட்டனர். நுனியிலே கட்டிய ஈயக் குண்டின் பாரத்தினால் அது பல பத்து மீற்றர் நீளத்துக்கு விமானத்தின் பின்னே தொங்கிச் சென்றது. தரையிறங்கும் முன்னர் மறவாமல் அதனைச் சுற்றி எடுத்துவிட வேண்டும்.

தொங்கும் கம்பி ஒரு பாதியாயிற்று. மறு பாதிக்கு மண் இல்லையே! அன்றைய விமானங்கள் மரச் சட்டத்தாலும் துணியாலும் ஆனவை. எனவே இயந்திரத்தையும், இறக்கைகளை இறுக்கிப் பிடிக்கும் உருக்குக் கம்பிகளையும், ஆங்காங்கே இருந்த உலோக உறுப்புகளையும் செப்புப் பட்டிகளால் ஒன்றோடொன்று இணைத்து, அத்தொகுதியையே மண்ணாகப் பாவித்தனர். சிதறிக் கிடந்த உலோகத் துண்டுகளை எல்லாம் ஒன்றுகூட்டி, விண்ணிலே ஒரு செயற்கை நிலத்தை அமைத்தார்கள் என்று கூறினால் மிகையாகாது.

இந்தத் தொங்கு கம்பியின் அருமை, அது இல்லாதபோதுதான் வெளிப்பட்டது. அவுஸ்திரேலியரான கிங்ஸ்போர்ட் சிமித் என்னும் பெயர்பெற்ற விமானி, 'சதேர்ன் குறொஸ்' என்ற விமானத்திலே, 1928 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி புறப்பட்டுப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து யூன் 9 ஆம் திகதி பிரிஸ்பேன் நகரை அடைந்தார். அப்பயணத்திலே வானொலி அவருக்கு உற்ற துணையாக இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு மார்ச் மாத இறுதியிலே அதே விமானம் சிட்னிப் பகுதியிலிருந்து இங்கிலாந்தை நோக்கிப் புறப்பட்டபோது, வழியிலே தொங்கு ஏரியலை இழந்துவிட்டது. மோசமான காலநிலையிலே பாதை தவறி, அவுஸ்திரேலியாவின் வடமேற்கே கிம்பர்லிப் பிரதேசத்தின் சதுப்பு நிலமொன்றிலே அது இறங்க நேர்ந்தது. தாம் உயிருடன் இருக்கும் செய்தியை வெளியுலகுக்கு அறிவிக்க விமானத்திலிருந்தவர்களால் முடியவில்லை. நாடெங்கும் தேடுதல் தொடங்கிற்று. ஏப்பிரல் 12 ஆம் திகதியன்று அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டனர். ஆனால் அவர்களைத் தேடுவதற்கென 'குக்கபறா' என்னும் சிறு விமானத்திலே புறப்பட்ட அன்டர்சன், ஹிச்கொக் என்னும் இருவரும் தனாமிப் பாலைவனத்திலே இறங்க நேரிட்டு, நீர் இன்றி மாண்டனர். தேடப்பட்டவர் மீண்டனர், தேடச் சென்றவர் மீளவில்லை. அறுந்துபோன ஒரு கம்பி இத்துயரத்துக்கு முழுக் காரணம் என்று நான் கூறவில்லை. எனினும், அது அறாதிருந்தால் அத்தேடலுக்கே அவசியம் குறைந்திருக்கும் என்பதை மறுத்தல் அரிது.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். அமெரிக்க வீராங்கனையான அமேலியா இயர்ஹார்ட் 1937 ஆம் ஆண்டிலே உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடைய லொக்கீட் விமானத்திலே தொங்கு கம்பியொன்று பொருத்தப்பட்டிருந்தது. மயாமி நகரிலே அது கழற்றி வைக்கப்பட்டது. அக்காலத்திலே கப்பல்கள் திசையறிவதற்குப் பெரிதும் பயன்படுத்திய 500 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் 600 மீற்றர். அத்தகைய நீண்ட அலையைத் திறம்பட வீசுவதற்கு அக்கம்பியே உரியது. யூலை 2 ஆம் திகதி நியூகினியாவின் லே என்னும் இடத்திலிருந்து அவரும் வழிகாட்டியாகிய நூனனும் சின்னஞ்சிறு ஹௌலண்ட் தீவை நோக்கிப் புறப்பட்டனர். தீவின் அருகே காத்திருந்த 'இற்றாஸ்கா' என்னும் கப்பலிலே அவருடைய குரல் மிகத் தெளிவாகக் கேட்டது. கப்பலின் பேச்சோ அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கப்பலாலும் அவர் இருந்த திசையைக் கணிக்க இயலவில்லை. அதன்பின் அவர்களை எவரும் காணவில்லை. இவ்விழப்புக்குப் பல காரணங்களை ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிட்டு வருகின்றனர். ஆயினும் எந்த அலைக்கு எந்தக் கம்பி என்ற தெரிவு, கடல் நடுவே எத்துணைப் பாரதூரமானதாக முடியும் என்பதை அந்த யூலைக் காலை நமக்கு உணர்த்துகின்றது.

காலம் செல்லச் செல்ல இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, விமானத்தின் உடல் மாறிற்று. மரமும் துணியும் மறைந்து அலுமினியத் தகடு வந்தது. 1935 ஆம் ஆண்டு டிசெம்பரிலே முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டி.சி. 3 விமானம் இதற்குத் தக்க சான்று. மற்றொன்று, அலை குறுகிற்று. 1940 ஆம் ஆண்டளவிலே பிரித்தானியப் போர் விமானங்கள் மிகக் குறுகிய அலைகளிலே பேசத் தொடங்கின. போருக்குப் பின்னர் அவ்வழியே உலக விமானப் போக்குவரத்துக்கும் உரியதாயிற்று. இன்று விமானிகள் தரையோடு பேசும் அலைவரிசைகள் 118 மெகாஹேர்ட்ஸ் தொடக்கம் 137 மெகாஹேர்ட்ஸ் வரை உள்ளன. அலைநீளத்தைக் கணிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. 300 என்னும் எண்ணை மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீற்றர் அளவு கிடைக்கும். நடுப் பகுதியாகிய 127 ஆல் வகுப்போமாயின் விடை 2.36 மீற்றர். ஏரியலுக்கு அதிலே காற்பங்கு போதும். அஃதாவது ஏறக்குறைய 59 சென்றிமீற்றர். உருளையிலே சுற்றிய நெடுங் கம்பி செய்த வேலையை முழங்கையளவிலும் சிறிது நீண்ட ஒரு கோல் செய்யத் தொடங்கிற்று.

அக்கோலை உலோக உடலின் மேலே நிறுத்தியவுடன், பளபளக்கும் தகடு ஒரு கண்ணாடி போலாகி, கோலின் பிம்பத்தைத் தனக்குக் கீழே உண்டாக்குகிறது. அந்தப் பிம்பமே மறு பாதி. விமானத்தின் உடலே பூமியாயிற்று! மார்க்கோனியின் வழி ஆகாயத்திலே முழு வெற்றி பெற்றது இங்கேதான். பல ஆண்டுகள் இம்முறையே ஓங்கி நின்றது. விமானம் கட்டுபவர் எவரும் மண்ணைப் பற்றிச் சிந்திக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. கேளாமலே கிடைத்த பொருளை மனிதன் விரைவில் மறந்துவிடுவது இயல்பன்றோ?

அம்மறதியைக் கலைத்தது கண்ணாடி நார். 1957 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் மாணவர்கள் கட்டிய 'பீனிக்ஸ்' என்னும் இயந்திரமற்ற மிதவை விமானம் பறந்தது. கண்ணாடி நாரையும் பிசினையும் கொண்டு கட்டப்பட்ட விமானங்களுள் அதுவே முதல்வன். அமெரிக்காவிலோ, தம் விமானத்தைத் தாமே கட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள் 1953 ஆம் ஆண்டிலேயே மில்வோக்கி நகரிலே ஒரு சங்கம் கண்டு, ஆண்டுதோறும் கூடி வந்தனர். இவர்களிடையே பேர்ட் றூட்டன் என்னும் கலிபோர்னியப் பொறியியலாளர் 1975 ஆம் ஆண்டு மே மாதத்திலே 'வரி ஈசி' என்னும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அதனைக் கட்டும் விதம் புதுமையானது. சூடேற்றிய கம்பியினால் நுரைப்பலகையை இறக்கை வடிவாக அறுப்பார்கள். அதன்மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்து, இப்பொக்சிப் பிசினைப் பூசி ஊறவைப்பார்கள். பிசின் இறுகியதும் இறக்கை வலிமை பெற்றுவிடும். விலையுயர்ந்த அச்சுகளும் பெருந் தொழிற்சாலையும் வேண்டியதில்லை. 1976 ஆம் ஆண்டிலே வரைபடங்கள் விற்பனைக்கு வந்தன. ஆசிரியரும் எழுதுவினைஞரும் தச்சரும் தங்கள் வீட்டுக் கொட்டகைகளிலே விமானம் கட்டலாம் என்னும் நிலை பிறந்தது. 1979 ஆம் ஆண்டிலே 'லோங் ஈசி' என்னும் அடுத்த விமானமும் பறந்தது.

இங்கேதான் பழைய வினா மீண்டும் தலைகாட்டிற்று. கண்ணாடி நார் மின்னைக் கடத்தாது. அலுமினிய விமானத்துக்குரிய கோலை வாங்கி இவ்வுடலின் மேலே நிறுத்தினால் அதற்குப் பிம்பம் இல்லை. மறு பாதி இல்லை. அப்படியிருந்தும் மின்னோட்டம் எங்கேனும் திரும்பிச் செல்லவேண்டுமே? அது ஏரியலுக்கு மின்னைக் கொண்டுவரும் கேபிளின் வெளிப்புற வலையின் வழியே திரும்பி ஓடும். அதாவது கேபிளே அழையாத ஏரியலாகிவிடும். அலை விமானியின் அறைக்குள்ளேயே பரவும். காதிலணியும் கருவியிலே கீச்சொலி கேட்கும். பேசும் விசையை அழுத்தியவுடன் மானிகளின் முள் துள்ளும். சற்றுத் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கோ குரல் தெளிவாகச் சென்று சேராது. வறண்ட கிணற்றடியிலே நிலக்கம்பி புதைத்தவன் நிலையே இதுவும்.

இதனைத் தீர்ப்பதற்கு வழிகள் இரண்டே. ஒன்று, மார்க்கோனியின் வழி. கோல் நிற்கும் இடத்துக்குக் கீழே, உடலின் உட்புறத்திலே, கோலின் நீளத்துக்குக் குறையாத செப்புப் பட்டிகள் நான்கினை நாற்றிசையும் விரித்து ஒட்டி, அவற்றின் நடுவைக் கேபிளின் வெளிவலையோடு இணைப்பதாம். இது செயற்கையாக ஒரு துண்டு நிலத்தைப் படைத்துக் கொடுத்தல். மற்றது, ஹேர்ட்சின் வழி. மண்ணை அறவே மறந்து, இரு கைகளையும் நாமே கொடுத்துவிடுவது. இவ்விரண்டாவது வழியைக் கண்ணாடி நார் விமானங்களுக்கு ஏற்றவாறு வகுத்துத் தந்தவர் ஜிம் வியர் என்னும் அமெரிக்க இலத்திரனியல் பொறியியலாளர். கண்ணாடி நார் மின்னைக் கடத்தாது என்பது ஒரு குறை. ஆனால் அதே காரணத்தால் அலை அதனூடே தடையின்றிப் புகுந்து செல்லும் என்பது ஒரு நிறை. அவ்வாறாயின் ஏரியலை வெளியே காற்றிலே நிறுத்துவானேன்? உள்ளேயே புதைத்துவிட்டால் காற்றின் இழுவையும் இல்லை. முறியும் அச்சமும் இல்லை. குறையையே நிறையாக மாற்றிய நுட்பம் இது.

அவர் காட்டிய முறையிலே, அரை அங்குல அகலமான மெல்லிய செப்புப் பட்டி இரண்டு துண்டுகளாக நேர்கோட்டிலே ஒட்டப்படும். பேச்சுக்குரிய ஏரியலுக்கு ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 50 சென்றிமீற்றர் நீளம். முன்னர் கணித்த 59 சென்றிமீற்றர் இங்கே குறைவானேன் என்று நேயர்கள் வினவலாம். பட்டியின் அகலமும், சூழ்ந்துள்ள நாரும் பிசினும் நுரையும் அலையைச் சற்றே தாமதிக்கச் செய்வதால் குறைந்த நீளமே போதுமாகின்றது. அகலமான பட்டிக்கு மற்றுமொரு பயன் உண்டு. மெல்லிய கம்பியைப் போல ஒரே அலைவரிசையில் மட்டும் சிறந்து நில்லாமல், பரந்த எல்லை முழுவதிலும் அது ஓரளவு சீராகத் தொழிற்படும். இரு துண்டுகளும் சந்திக்கும் நடுவிடத்திலே கேபிளின் உட்கம்பி ஒன்றிலும் வெளிவலை மற்றதிலும் பற்றாசு வைத்து இணைக்கப்படும். அவ்விணைப்பை ஒட்டிக் கேபிளின் மேலே மூன்று சிறிய பெரைற்று வளையங்கள் கோக்கப்படும். வெளிவலையின் புறத்தே ஓட முயலும் மின்னை அவ்வளையங்கள் தடுத்து நிறுத்தும். அழையா விருந்தினரை வாயிலிலேயே மறிக்கும் காவலாளர் அவை எனலாம்.

அடுத்தது இடத்தைத் தெரிதல். அலைக்கு ஒரு நிலை உண்டு. கோபுரத்தோடு பேசும் அலை செங்குத்தாக நிற்பது. ஆதலின் அதற்குரிய பட்டியும் செங்குத்தாகவே நிற்கவேண்டும். றூட்டனின் விமானங்களிலே இறக்கை நுனிகளில் செங்குத்தாக எழுந்து நிற்கும் சிற்றிறகுகள் உண்டு. அவை பேச்சு ஏரியலுக்கென்றே அமைத்துக் கொடுத்தவை போல வாய்த்தன. திசை காட்டும் நிலையங்களிலிருந்து 108 தொடக்கம் 118 மெகாஹேர்ட்ஸ் வரை வரும் அலையோ கிடையானது. ஆகவே அதற்குரிய பட்டிகள் சற்றே நீண்டனவாய், முன்னிறகிலோ இறக்கையிலோ கிடையாகப் பதிக்கப்படும். ரேடாருக்கு மறுமொழி கூறும் கருவி 1090 மெகாஹேர்ட்சிலே பேசுகின்றது. அதன் காற்பங்கு அலைநீளம் 7 சென்றிமீற்றர் மட்டுமே. இங்கே மார்க்கோனியின் வழியே எளிது. சிறிய வட்டத் தகடொன்றின் நடுவே குறுங் கோலை நிறுத்திவிட்டால் போதும். அது விமானியின் உடலுக்கு அணித்தாக இராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டிக்குரிய ஏரியல் வானத்தை நோக்கி இருத்தல் வேண்டும். கண்ணாடி நார்க் கூரையின் உட்புறத்திலே இருந்தவாறே அது வானத்தைக் காணும்.

எல்லாவற்றிலும் உயிரோடு நெருங்கிய தொடர்புடையது ஆபத்து அறிவிப்புக் கருவியின் ஏரியலாகும். விபத்தின்போது தானாகவே இயங்கிச் செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுப்பது அது. 2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் செயற்கைக்கோள்கள் பழைய 121.5 மெகாஹேர்ட்ஸ் அழைப்புக்குச் செவிசாய்ப்பதில்லை. 406 மெகாஹேர்ட்ஸ் அழைப்பையே கேட்கின்றன. கருவி பழுதுபடாமல் இருந்தும், ஏரியல் முறிந்தோ கேபிள் அறுந்தோ போனால் அவ்வழைப்பு எவருக்கும் எட்டாது. கிம்பர்லிச் சதுப்பு நிலத்திலே அன்று நேர்ந்தது இதுவேயன்றோ? ஆகையால் கருவிக்கும் ஏரியலுக்கும் இடையே உள்ள கேபிள் குறுகியதாயும், உடல் இரண்டாகப் பிளவுபடக்கூடிய இடத்தைத் தாண்டிச் செல்லாததாயும் இருக்கும்படி கட்டுபவர் திட்டமிடல் வேண்டும்.

இனி, புதைக்கும் வேலை. செப்புப் பட்டியானது நுரைப்பலகையின் மேல் ஒட்டப்பட்டு, அதன்மேல் நார்த் துணியும் பிசினும் போர்த்தப்படும். பிசின் இறுகிய பின்னர் அதனைத் திறந்து பார்க்க இயலாது. ஆகவே அறிவுடைய கட்டுநர் போர்த்துவதற்கு முன்னரே எல்லாவற்றையும் சோதிப்பார். பற்றாசு உறுதியாகப் பிடித்ததா? இரு கைகளும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா? கேபிள் பட்டியோடு ஒட்டி ஓடாமல் செங்கோணமாக விலகிச் செல்கின்றதா? சுக்கானை இயக்கும் உருக்குத் தண்டுகளும் மின்விளக்குக் கம்பிகளும் அருகிலே இல்லையா? வானொலியிலிருந்து சென்ற அலையிலே எவ்வளவு திரும்பி வருகின்றது என்று அளக்கும் கருவியை இணைத்து, வேண்டுமாயின் பட்டியின் நுனியைச் சிறிது சிறிதாகக் கத்தரிப்பார். நிறைவு ஏற்பட்ட பின்னரே பிசினைக் கலப்பார். கடைசியிலே வர்ணம் பூசும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. உலோகத் துகள் கலந்த மினுக்கு வர்ணத்தை ஏரியலின் மேலே பூசுதல், பாடும் வாயிலே துணியைத் திணித்தல் போலாகும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. காபன் நார் என்பது கண்ணாடி நாரிலும் விறைப்பானது, பாரங் குறைந்தது. 1986 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆம் திகதி கலிபோர்னியாவிலிருந்து எழுந்து, எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்த 'வோயேஜர்' பெரும்பாலும் அதனாலேயே ஆனது. ஆனால் காபன் நார் மின்னைக் கடத்தும். அதற்குள்ளே புதைத்த ஏரியல் பானைக்குள் வைத்த விளக்குப் போன்றது. வீட்டிலே விமானம் கட்டுபவர் ஒருவர், 'நாரெல்லாம் ஒன்றே' என்று எண்ணிக் காபன் துணியைப் போர்த்துவிட்டால், அவருடைய உழைப்பு ஊமையாகிவிடும். ஆகவே காபனால் இறக்கை செய்வோர், ஏரியல் வரும் பகுதியை மட்டும் கண்ணாடி நாரினாலே செய்வார்கள். அன்றி ஏரியலை வெளியே நிறுத்துவார்கள். 2009 ஆம் ஆண்டு டிசெம்பரிலே முதன்முதலாகப் பறந்த போயிங் 787 விமானத்தின் எடையிலே ஏறக்குறையப் பாதி இத்தகைய கூட்டுப்பொருளே. அப்பெரு விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் ஏரியல்கள் வெளியே நிற்பதை நாம் காணலாம்.

நேயர்களே, ஹேர்ட்சின் இரு கைகளிலே தொடங்கி, மார்க்கோனியின் மண்ணைச் சார்ந்து, மரமும் துணியும் அலுமினியமுமாய் வளர்ந்து, மீண்டும் ஹேர்ட்சின் இரு கைகளுக்கே வந்து சேர்ந்த ஒரு வட்டத்தை இதுவரை கண்டோம். புதிய பொருள் ஒன்று வந்தபோது பழைய அறிவு காலாவதியாகிவிடவில்லை, அதுவே கைகொடுத்தது. கார்ல்ஸ்ரூ ஆய்வுகூடத்து அறிவு, கலிபோர்னியக் கொட்டகையொன்றிலே பகுதிநேரமாக விமானம் கட்டியவருக்குப் பயன்பட்டது. வரலாற்றை நாம் கற்பதன் பயன் இதுவாகும் என்பது என் துணிபு.

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பழகி வருபவன் என்ற முறையிலே எனக்கு இவ்வரலாறு மற்றொன்றையும் நினைவூட்டுகின்றது. வெளியே தெரியும் கோலை எவரும் எப்பொழுதும் திருத்திக்கொள்ளலாம். உள்ளே புதைந்து கிடப்பதையோ, போர்த்துவதற்கு முன்னரே செம்மையாக அமைத்துவிட வேண்டும். பிசின் இறுகிய பின்னர் வருந்திப் பயனில்லை. இது விமானத்துக்கு மட்டும் உரிய நியதியன்று. இளம் உள்ளங்களுக்கும் உரியதே.

எங்கள் வீட்டுக் கூரை முகட்டுக் கம்பி இன்று இல்லை. பனைமரமும் இல்லை. ஆயினும் விமானமொன்றின் ஒலி வானிலே கேட்கும்போதெல்லாம், அங்கே யாரோ ஒருவர் தரையோடு பேசிக்கொண்டிருக்கிறார், அவருடைய குரலுக்கு மறு பாதியாக ஏதோ ஒரு தகடோ செப்புப் பட்டியோ மறைந்திருந்து துணைநிற்கின்றது என்று எண்ணுவேன். உடனே கிணற்றடி வாழையும், என் கையிலிருந்த வாளியும் என் நினைவுக்கு வரும்.